ஆறு பேரால் ஓடும் வார்டுக்கு ஒன்பது பேர் வேண்டும்

மருத்துவமனைப் பணியாளர்களின் சோர்வு, பணிப்பட்டியல், விடுப்பு, நிர்வாகத்தின் நடத்தை ஆகியவை பற்றி வந்த கடிதங்களிலிருந்து சில இந்த இதழில் இடம்பெறுகின்றன. அரசு மருத்துவமனைகளில் செவிலியராகத் தொடங்கி, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்ற நமது பத்தியாளர் பதிலளிக்கிறார். கேட்டுக்கொண்டபடி எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் எட்டு ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். முன்பெல்லாம் நோயாளியின் பெயர், ஊர், பிள்ளைகள் எத்தனை பேர் என்பதெல்லாம் மனதில் நிற்கும். இப்போது ‘பன்னிரண்டாம் பெட்’, ‘பித்தப்பை கேஸ்’ என்றுதான் நினைவு வருகிறது. அழைப்பு மணி அடித்தாலே எரிச்சலாக இருக்கிறது. ஆஃப் நாளில் படுக்கையை விட்டு எழுந்திருக்க மனமில்லை. இந்தத் தொழிலுக்கு நான் தகுதியில்லாதவளாகிவிட்டேனா, மேடம்?
*– ஒரு வாசகி, கோயம்புத்தூர்*

பதில்: ஆகிவிடவில்லை, அம்மா. நீங்கள் எழுதியிருப்பவை பல நாடுகளில் மருத்துவமனைப் பணியாளர்களிடம் கண்டறியப்பட்டு, நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் ஒரு நிலையின் அடையாளங்கள். நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் தம்மோடு உழைத்த தொண்டர்கள் நாளடைவில் உற்சாகம் வற்றி எரிந்து விழுபவர்களாக மாறியதைக் கவனித்து 1974-இல் எழுதினார். இன்று எல்லோரும் சொல்லும் ‘பர்ன் அவுட்’, அதாவது பணிச்சோர்வு, ஆராய்ச்சிக்குள் வந்தது அப்படித்தான். கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1981-இல் இதை அளப்பதற்கு ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். மனம் முற்றிலும் களைத்துப்போவது, எதிரில் இருப்பவரை ஓர் ஆளாகப் பார்க்க முடியாமல் விலகிவிடுவது, தன் வேலையால் எந்தப் பயனும் இல்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றையும் அது அளக்கிறது. படுக்கையை விட்டு எழ மனமில்லை என்பது முதலாவது, ‘பன்னிரண்டாம் பெட்’ என்பது இரண்டாவது, தகுதியில்லையோ என்று நீங்கள் கேட்பது மூன்றாவது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, இதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. சரிவரக் கையாளப்படாத நெடுநாள் பணியிட அழுத்தத்தின் விளைவு என்று வேலையோடு பிணைத்தே வரையறுத்திருக்கிறது. இதை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் ஒரு சிஸ்டர் சோர்ந்துபோனால், அவருக்குப் பொறுமை இல்லை, வீட்டுப் பிரச்சினையை வார்டுக்குக் கொண்டுவருகிறார், சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது என்றெல்லாம் பேசுவார்களே தவிர, அந்த ஷிப்டில் அவர் எத்தனை நோயாளிகளைப் பார்த்தார் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டு லிண்டா ஐக்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் கேட்டது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அந்தச் செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதமும், அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளி 30 நாள்களுக்குள் இறந்துபோகும் வாய்ப்பு 7 சதவீதமும் கூடியிருப்பதை அவர்கள் கண்டார்கள். உங்கள் களைப்பும் நோயாளியின் உயிரும் ஒரே கணக்கில் வருகின்றன.

இரண்டு காரியங்களை உடனே செய்யுங்கள். சேர்ந்திருக்கும் விடுப்பில் தொடர்ச்சியாகச் சில நாள்களை எழுத்து மூலம் கேட்டு எடுங்கள். ஒரு நாள் ஆஃப் உறங்கித் தீர்ப்பதற்கே சரியாகப் போய்விடும். ஒரே வார்டில் நெடுங்காலம் இருக்கிறீர்கள் என்றால் வார்டு மாற்றமும் கேளுங்கள். விடுப்பில் இருந்தும் உறக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குத் தொடர்பில்லாதவற்றிலும் மனம் ஒட்டவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை அழையுங்கள். எந்நேரமும் தமிழில் பேசலாம். தற்கொலை எண்ணம் தோன்றினால் அன்றே பேசுங்கள், மறுநாள் டியூட்டி முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: நான் வார்டு இன்சார்ஜ். ஷிப்டுக்கு இரண்டு பேர் வேண்டும். என்னிடம் இருப்பவர்கள் மொத்தம் ஆறு பேர். ஒருவர் விடுப்பு கேட்டால் இன்னொருவருக்கு டபுள் டியூட்டி போட வேண்டியிருக்கிறது. மேலே கேட்டால் “மூன்று ஷிப்டுக்கு இரண்டிரண்டு பேர், ஆறு பேர் சரியாகத்தானே இருக்கிறது, உங்களுக்கு மேனேஜ் பண்ணத் தெரியவில்லை” என்கிறார்கள். கீழே இருப்பவர்களுக்கும் நான்தான் கெட்டவள். நிர்வாகம் ஆள் கொடுக்காதபோது இன்சார்ஜ் என்னதான் செய்வது?
*– ஒரு வாசகி, மதுரை*

பதில்: முதலில் அந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு, நிர்வாகத்தின் மேசையில் வையுங்கள். ஷிப்டுக்கு இரண்டு பேர், நாளுக்கு மூன்று ஷிப்ட், வாரத்துக்கு ஏழு நாள். ஆக 42 டியூட்டி. ஒருவர் வாரத்தில் ஆறு டியூட்டி பார்ப்பார் என்றால், வார ஓய்வு கொடுப்பதற்கு மட்டுமே ஏழு பேர் வேண்டும். இதில் தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, காய்ச்சல், பேறுகாலம், பயிற்சி வகுப்பு எதுவும் சேரவில்லை. அவற்றுக்காக 30 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் நெறி. ஏழோடு இரண்டு சேர்ந்தால் ஒன்பது. ஆறு பேரை வைத்து ஓட்டினால், ஒருவர்கூட விடுப்பு எடுக்காத வாரத்திலும் ஆளுக்கு ஏழு டியூட்டி விழும். அதாவது வார ஓய்வே கிடையாது. உங்கள் வார்டில் டபுள் டியூட்டி வருவது உங்களுக்கு நிர்வகிக்கத் தெரியாததால் அல்ல. ஆள் எடுக்கும்போதே அது தீர்மானமாகிவிட்டது. மாதந்தோறும் எத்தனை டபுள் டியூட்டி, எத்தனை ரத்தான ஆஃப், எத்தனை மறுக்கப்பட்ட விடுப்பு என்று எண்ணி, தேதியிட்டு அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னது மறுநாளே மறந்துபோகும். ஆறு மாதத்துக்கான தாள்கள் கோப்பில் இருந்தால், மருத்துவமனையின் தர அங்கீகார ஆய்வுக்கு வருபவர்கள் முன் நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆள் வரும்வரை உங்கள் கையில் இருப்பவையும் சில உண்டு. பணிப்பட்டியலை இரண்டு வாரம் முன்னதாகவே ஒட்டிவிடுங்கள். மறுநாள் என்ன டியூட்டி என்று இரவு வாட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பெண்ணால் குழந்தையின் பள்ளிக்கூட விழாவுக்கோ, மாமியாரின் ஸ்கேன் தேதிக்கோ ஒப்புக்கொள்ள முடியாது. வேலை நேரத்தைவிட இந்த நிச்சயமின்மையே பலரை வதைக்கிறது. மாலை டியூட்டி முடிந்து இரவு ஒன்பதரைக்குக் கிளம்பியவரை மறுநாள் காலை ஏழுக்கு வரவழைக்காதீர்கள். இரண்டு டியூட்டிகளுக்கு நடுவே குறைந்தது 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டமே இருக்கிறது. பஸ் பிடித்து, சமைத்து, உறங்கி வருவதற்கு அதுவே குறைவு. காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிப்ட் முன்னோக்கி நகர்ந்தால் உடல் ஓரளவு பழகிக்கொள்ளும். இரவிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து காலைக்கும் பின்னோக்கித் தள்ளினால் உறக்கம் கெடும்.

ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டிடம் வார்டை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் நேரத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இரவு சிஸ்டர் ஆறு மணி இன்சுலின் போட்டு, சிறுநீர்ப் பைகளை அளந்து, வரவு-போக்கு சார்ட்டைக் கூட்டி எழுதி, எமர்ஜென்சி ட்ரேயின் மருந்துகளையும் பூட்டில் இருக்கும் மார்ஃபின் ஆம்பியூல்களையும் எண்ணிக் காட்டி, ஒவ்வொரு பெட்டாக நடந்து விவரம் சொல்லி முடிப்பதற்குள் டியூட்டி நேரம் கடந்து முக்கால் மணி ஓடியிருக்கும். அந்த முக்கால் மணிக்குச் சம்பளம் இல்லை, பதிவும் இல்லை. இரண்டு ஷிப்டும் அரை மணி நேரம் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு நேரத்தை வகுத்து, அதை வேலை நேரமாகவே கணக்கில் கொள்ளச் சொல்லுங்கள். அதேபோல், உங்கள் சிஸ்டர்கள் ஒரு நாளில் எத்தனை முறை மருந்தகத்துக்கும் லேபுக்கும் ரத்த வங்கிக்கும் நடக்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். உதவியாளர் ஒருவரை நியமித்தாலே ஒரு செவிலியரின் நேரத்தில் பெரும்பகுதி நோயாளிக்குத் திரும்பும். ஒன்பது பேர் கிடைக்காவிட்டாலும் இதற்கு நிர்வாகம் எளிதில் சம்மதிக்கக் கூடும்.

இன்னும் ஒன்று, இதற்குப் பணம் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் போனால் மற்றவர் அவருடைய நோயாளிகளையும் பார்க்க வேண்டும் என்பதால் பல வார்டுகளில் இருவருமே சாப்பிடாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த இருபது நிமிடம் நீங்களே வந்து வார்டில் நில்லுங்கள். தவறு நடந்தால் நோயாளியின் உறவினர் முன்னால் திட்டாமல் அறைக்குள் அழைத்துப் பேசுங்கள். கீழே இருப்பவர்கள் உங்களைக் கெட்டவள் என்று நினைப்பது மாறும்.

கேள்வி: 60 படுக்கைகள் உள்ள மருத்துவமனை நடத்துகிறேன். ஊழியர்களுக்கு யோகா வகுப்பு வைத்தேன், மனஅழுத்தம் பற்றி நிபுணரை அழைத்துப் பேசச் சொன்னேன், மே 12 செவிலியர் தினத்துக்குப் பரிசும் விருந்தும் தருகிறேன். இருந்தும் பயிற்சி முடிந்து கைதேர்ந்த நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். என்ன குறை?
*– ஒரு மருத்துவர், திருப்பூர்*

பதில்: டாக்டர், உங்கள் அக்கறையை மதிக்கிறேன், யோகாவில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இரவு டியூட்டி முடித்தவர் அந்த வகுப்புக்காக இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தால் அதுவும் ஒரு டியூட்டிதான். மருத்துவர்களின் பணிச்சோர்வைக் குறைக்கும் முயற்சிகளை ஒப்பிட்டு 2017-இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, தனிநபருக்குத் தியானமும் பயிற்சியும் கொடுத்த முயற்சிகளைவிட, வேலை நேரத்தையும் பணிச்சுமையையும் நிறுவனமே மாற்றிய முயற்சிகள் கூடுதல் பலன் தந்தன என்று கண்டது. பிரச்சினை எங்கே பிறக்கிறதோ அங்கே கை வைத்தால்தான் குறையும்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நான் எழுதியாக வேண்டும். தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் நிலை குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் இட்ட உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, 50 முதல் 100 படுக்கைகள் உள்ள மருத்துவமனைகளில் செவிலியர் சம்பளம் மாநில அரசு தருவதைவிட 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்றும், 50 படுக்கைகளுக்குக் கீழ் என்றால் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. உங்கள் மருத்துவமனை இதில் எந்த வகையில் வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். அந்த அளவுக்கும் உங்கள் சம்பளப் பட்டியலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்கள் அந்த இடைவெளியைத்தான் பார்த்துப் போகிறார்கள்.

அடுத்ததாக, உங்கள் மருத்துவமனையில் அட்வான்ஸ் கட்டச் சொல்வதும், பில் பாக்கியைக் கேட்பதும் யார்? பல இடங்களில் அதைச் செவிலியர் வாயால் சொல்லவைக்கிறார்கள். காலையில் “பணம் கட்டினால்தான் அடுத்த ஊசி” என்று சொன்ன அதே பெண், மாலையில் அந்தக் குடும்பத்தின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல வேண்டும் என்பது மனதைக் கிழிக்கும் வேலை. நோயாளி இறந்துவிட்டால் உறவினரின் கோபமும் முதலில் அவர் மேல்தான் பாயும். பணம் கேட்பதைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றுங்கள். கெட்ட செய்தியை மருத்துவரே நேரில் சொல்ல வேண்டும் என்று விதி செய்யுங்கள். அந்த நேரத்தில் காவலாளி வார்டு வாசலில் இருக்கட்டும். 12 மணி நேர ஷிப்ட் வைத்திருந்தால் அதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். அமெரிக்காவில் நான்கு மாநிலங்களின் செவிலியர்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், பத்து மணி நேரமும் அதற்கு மேலும் ஷிப்ட் பார்த்தவர்கள் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு, குறைந்த நேர ஷிப்ட் பார்த்தவர்களைவிட இரண்டரை மடங்குவரை இருந்தது.

முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு உங்கள் வார்டில் போய் உட்காருங்கள். குறை கண்டுபிடிப்பதற்காக அல்ல, டாக்டர். ஒரு மணி நேரம் பார்ப்பதற்காக.

கேள்வி: என் மகன் அரசு மருத்துவக் கல்லூரியில் முதுநிலை முதலாண்டு படிக்கிறான். தொடர்ந்து 36 மணி நேரம் டியூட்டி பார்த்ததாகச் சொல்கிறான். கேட்டால் “நாங்களும் இப்படித்தான் படித்தோம்” என்கிறார்களாம். இதற்கு விதியே கிடையாதா?
*– ஒரு தந்தை, திருச்சி*

பதில்: உண்டு, ஐயா. பயிற்சி மருத்துவர்களின் டியூட்டி பொதுவாக ஒரு நாளில் 12 மணி நேரத்தையும் வாரத்தில் 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் 1992-ஆம் ஆண்டு நெறிமுறை சொன்னது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிகளில் நியாயமான வேலை நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் தற்செயல் விடுப்பு ஆகியவை இடம்பெற்றுள்ளன. மாணவர்களின் மனநலம் குறித்து அதே ஆணையம் அமைத்த பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. எழுத்தில் இத்தனையும் இருந்தும் வார்டில் மாறாததற்கு, மூத்தவர்கள் தாங்கள் பட்டதையே பயிற்சி என்று நம்புவதும், காலியிடங்களை முதுநிலை மாணவர்களின் உழைப்பால் நிரப்பிக்கொள்வதும் காரணம். உங்கள் மகன் தனியாகப் புகார் கொடுத்தால் தேர்வில் பழிவாங்கப்படுவோமோ என்று அஞ்சுவது இயல்பு. பயிற்சி மருத்துவர் சங்கத்தின் மூலம், அனைவரின் டியூட்டி நேரப் பதிவோடு கல்லூரி முதல்வரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். 36 மணி நேர டியூட்டி முடிந்த பின் இருசக்கர வாகனம் ஓட்ட வேண்டாம் என்று மட்டும் நீங்கள் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் கிராம சுகாதார செவிலியர். பகல் முழுவதும் வீடு வீடாகப் போகிறேன். இரவு பத்து மணிவரை பிக்மி என்ற இணையதளத்தில் கர்ப்பிணிகள், குழந்தைகள் பற்றிய பதிவு, தடுப்பூசிப் பதிவு, அதே விவரங்களைத் திரும்ப ரிஜிஸ்டரிலும் எழுதுகிறேன். ஆய்வுக் கூட்டத்தில் எண்ணிக்கை குறைந்தால் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்திக் கேட்கிறார்கள். கூட்டத்துக்கு முந்தின இரவு உறக்கம் வருவதில்லை.
*– ஒரு வாசகி, தருமபுரி*

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். துணை சுகாதார நிலையம் ஒன்றுக்குச் சமவெளியில் 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் என்பது பொதுவான அளவு. அந்த மக்கள் தொகைக்குள் கர்ப்பிணியைப் பதிவுசெய்வது முதல் தடுப்பூசி, குடும்ப நலம், சர்க்கரை, ரத்த அழுத்தம் வரை எல்லாம் உங்கள் தலையில் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் தவணை வங்கிக் கணக்கில் ஏறாவிட்டாலும் உங்கள் வாசலில்தான் வந்து கேட்பார்கள். தமிழ்நாட்டில் பேறுகால இறப்பு குறைந்ததைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது, அந்த வேலையைத் தெருவில் நடந்து செய்தவர்கள் நீங்கள்தான் என்பதை மேடையில் இருப்பவர்கள் சொல்ல வேண்டும்.

இரவில் செய்யும் பதிவும் வேலைதான். இரண்டு வாரத்துக்கு, எந்தப் பதிவுக்கு எவ்வளவு நேரம் ஆனது, எந்த விவரத்தை எத்தனை இடத்தில் எழுதினீர்கள் என்று உங்கள் வட்டாரத்தில் உள்ள செவிலியர்கள் எல்லோரும் சேர்ந்து குறியுங்கள். அதைக் கொண்டுபோய் வட்டார மருத்துவ அலுவலரிடம் இரண்டைக் கேளுங்கள்: களப்பணி இல்லாமல் பதிவுக்கு மட்டும் வாரத்தில் ஓர் அரை நாள்; இணையத்தில் ஏற்றிய விவரத்தைத் திரும்பக் கையால் எழுதும் ரிஜிஸ்டர்களில் எவற்றை நிறுத்தலாம் என்ற முடிவு. இரண்டாவதற்கு மாவட்ட அளவில் அனுமதி தேவைப்படலாம். அதனால் சங்கத்தின் வழியாகவும் மனுவை அனுப்பிவையுங்கள்.

கூட்டத்தில் எழுப்பி நிறுத்துவது பற்றி, மருத்துவ அலுவலர்கள் இதைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அவமானத்துக்கு அஞ்சுகிறவர் எண்ணிக்கையைச் சரிசெய்வார். அந்த எண்ணிக்கை உண்மையாக இருக்குமா என்பது வேறு. ஓர் ஊரில் தடுப்பூசி குறைந்திருந்தால், அங்கே செங்கல் சூளைக்கு வேலைக்குப் போன குடும்பங்கள் எத்தனை, ஐஸ் பாக்ஸ் வந்த நாளில் பஸ் ஓடியதா, பதிவு இணையதளம் இயங்கியதா என்று கேட்டால் காரணம் கிடைக்கும். நின்றுகொண்டு அழுகிறவரிடமிருந்து எந்தக் காரணமும் கிடைக்காது.

கேள்வி: வேலையை ராஜினாமா செய்தேன். இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக்கொடுத்த பாண்டு காலம் முடியவில்லை என்று என் அசல் சான்றிதழ்களைத் தர மறுக்கிறார்கள். பணம் கட்டச் சொல்கிறார்கள்.
*– ஒரு வாசகி, நாமக்கல்*

பதில்: சான்றிதழ்கள் விற்பனைப் பொருள் அல்ல, அவற்றைப் பிணையாகப் பிடித்துவைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் கூறியிருக்கிறது. பாண்டு பற்றிய தகராறு இருந்தால் அதை அவர்கள் தனியாக நீதிமன்றத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தெந்தச் சான்றிதழ்களை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று பட்டியலிட்டு, திருப்பித் தரக் கோரும் கடிதத்தை, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்கு ரசீது தந்திருந்தால் அதன் நகலையும் இணையுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசமாக வழக்கறிஞரை நியமித்துத் தருவார்கள். அதுவரை வெற்றுத் தாளிலோ, ‘பாக்கி எதுவும் இல்லை’ என்று முன்பே அச்சிட்ட படிவத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள்.